கோரே தீவு: ஒரு வாசலோடு முடிந்துவிடாத வரலாறு

செனகல் நாட்டின் தலைநகர் டக்காரில் படகேறினால் இருபது நிமிடத்தில் கோரே தீவு வந்துவிடும். நீளம் ஏறக்குறைய 900 மீட்டர், அகலம் 300 மீட்டர். கார் கிடையாது, தார்ச்சாலை கிடையாது. காவி, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் பழைய வீடுகள், மதில்மேல் காகிதப்பூக் கொடிகள், தெருமுனையில் பெருத்த பாவோபாப் மரங்கள். 1978-இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது முதன்முதலில் சேர்த்த 12 இடங்களில் இதுவும் ஒன்று.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான்: இறங்கியதும் நேரே ஆப்பிரிக்க அடிமைகளை அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் 'அடிமைகளின் வீடு', அங்கே அவர்களைக் கப்பலேற்ற அனுப்பியதாகச் சொல்லப்படும் 'திரும்பி வராத வாசல்', அதில் நின்று ஒரு படம், கடைத்தெரு, அடுத்த படகு. இரண்டு மணி நேரம் போதும். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அந்த வாசலைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுப்பிய கேள்விகளை எங்கோ படித்துவிட்டு, 'அங்கே எல்லாம் கட்டுக்கதை' என்று முடிவுகட்டிப் போகாமலே இருந்துவிடுகிறவர்கள். இரு தரப்புமே தீவைத் தவறவிடுகிறார்கள். கோரேயின் அடிமை வரலாறு அந்த ஒரு வாசலில் இல்லை. அது தீவின் ஒவ்வொரு பழைய வீட்டுக்குள்ளும் நடந்த வாழ்க்கை. அதைத் தெரிந்துகொண்டு போனால் தீவு வேறு மாதிரி தெரியும்.

கைமாறிய தீவு

1444-இல் போர்ச்சுகீசியர் வந்தனர். அவர்களுக்குப் பின் டச்சுக்காரர்கள் கடலோரத்தில் நசாவ் என்றும் தெற்குக் குன்றின் மேல் ஓரஞ்ச் என்றும் இரண்டு கோட்டைகள் கட்டினார்கள். 1677-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெஸ்த்ரே தீவைப் பிடித்தார். பிறகு ஆங்கிலேயர் சில முறை கைப்பற்றுவதும் பிரான்ஸ் திரும்பப் பெறுவதுமாக ஓடி, 1817-இல் தீவு பிரெஞ்சுக்காரர் கையில் நிலைத்தது.

இத்தனை பேர் இந்தச் சிறு பாறைக்குச் சண்டை போட்டதற்குக் காரணம் அதன் துறைமுகம். வடகிழக்கில் வளைந்த சிறு விரிகுடா. டக்கார் இருக்கும் வெர்டே முனை அட்லாண்டிக்கின் அலையையும் காற்றையும் தடுத்துவிடுவதால் கப்பல்கள் பயமில்லாமல் நங்கூரமிடலாம். ஆப்பிரிக்காவின் மேற்கு நுனி இதுதான், ஆகவே அமெரிக்கக் கண்டத்துக்குக் கடல் தூரமும் குறைவு. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்ததால் உள்நாட்டு மன்னர்களின் படை சுலபமாக வரமுடியாது.

குறையும் உண்டு. தீவில் ஊற்று இல்லை. குடிதண்ணீர், விறகு, கம்பு, சோளம் எல்லாமே எதிர்க்கரையிலிருந்து படகில் வரவேண்டும். மழைநீரைத் தொட்டிகளில் சேமித்தார்கள், அது போதாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எண்ணிக்கைச் சண்டையைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல்.

எத்தனை பேர்?

15 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை ஆப்பிரிக்கக் கரையின் மிகப் பெரிய அடிமை வணிக மையம் கோரே என்று யுனெஸ்கோவின் குறிப்பு சொல்கிறது. அடிமைகளின் வீட்டின் காப்பாளராக 40 ஆண்டுகளுக்கு மேல் இருந்த பூபக்கர் ஜோசப் ந்தியாய், அந்த வாசல் வழியாகப் போனவர்களைக் கோடிக்கணக்கில் சொல்லிவந்தார்.

கப்பல் ஆவணங்களை ஒன்றுவிடாமல் திரட்டிய ஆய்வாளர்களின் கணக்கு வேறு. அட்லாண்டிக்கின் குறுக்கே மொத்தம் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். செனகல், காம்பியா ஆறுகளை ஒட்டிய செனகாம்பியா பகுதி முழுவதிலிருந்தும் போனவர்கள் ஏழரை லட்சம் அளவில்தான். அதிலும் கோரேயில் ஏற்றப்பட்டதாகப் பதிவில் இருப்பவர்கள் 33,000-ஐ ஒட்டிய எண்ணிக்கை. பெனினின் விடா துறையிலிருந்து மட்டும் சுமார் 10 லட்சம் பேரும், அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து 28 லட்சம் பேரும் போயிருக்கிறார்கள். இந்த வரிசையில் கோரே சிறிய துறை.

ஏன் சிறியது? அடிமைகளைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவரும் பாதை ஆறுதான். செனகல் ஆற்றின் முகத்தில் செந்லூயி இருந்தது. காம்பியா ஆற்றில் ஆங்கிலேயரின் ஜேம்ஸ் தீவும் பிரெஞ்சுக்காரரின் அல்பிரேடாவும் இருந்தன. உள்நாட்டுச் சந்தைகளிலிருந்து வந்தவர்கள் அங்கேயே கப்பலேறினார்கள். கோரேக்கு ஆறு கிடையாது. எதிர்க்கரையில் ரூஃபிஸ்க், போர்ட்டுடல், ஜோவால் போன்ற சிறு துறைகளில் வாங்கியவர்களைப் படகில் ஏற்றி வந்தார்கள். அப்படி வந்தாலும் தண்ணீரும் தானியமும் இல்லாத தீவில் ஆயிரக்கணக்கானோரை மாதக்கணக்கில் அடைத்து வைக்க முடியாது. மழை பொய்த்த ஆண்டுகளில் கம்புக்கே பஞ்சம். அப்போது முதலில் பட்டினி கிடந்தது சங்கிலியில் இருந்தவர்கள்தான்.

1996 டிசம்பரில் பிரான்சின் 'லெ மோந்த்' நாளேடு அடிமைகளின் வீட்டின் கதை வரலாற்றுக்குப் பொருந்தாத தொன்மம் என்று எழுதியபோது செனகலில் கொதிப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆய்வரங்கம் கூடிற்று. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அடிமை வணிகத்தில் செல்வம் சேர்த்த நாட்டிலிருந்து ஒரு பத்திரிகை எழுதி, 'நீங்கள் சொல்லுமளவு நடக்கவில்லை' என்று சொல்வதாக அது இங்கே ஒலித்தது. ஆனால் எண்ணிக்கையைத் திருத்தியவர்கள் யாரும் கொடுமையை மறுக்கவில்லை. 33,000 என்பதும் தனித்தனி மனிதர்கள். தவறான பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால், மறுக்க நினைப்பவருக்கு நாமே வாய்ப்புக் கொடுத்ததாகும். கோரேயைப் பற்றிப் பேசும்போது சரியான எண்ணோடு பேசுவதே அந்த மனிதர்களுக்குச் செய்யும் மரியாதை.

அந்த வீடு

தீவின் கிழக்கு ஓரத்தில், செந்நிறம் பூசிய இரண்டு தள வீடு. உள்ளே நுழைந்ததும் முற்றம். எதிரே குதிரை லாடம்போல் இரு பக்கமும் வளைந்து ஏறும் படிக்கட்டு. படிகளுக்கு நடுவே இருண்ட நடைவழி. அதன் கோடியில் வெளிச்சமாகத் தெரியும் கடல். அதுதான் திரும்பி வராத வாசல். கீழ்த்தளத்தில் நடைவழியின் இரு பக்கமும் சிறு அறைகள். ஒவ்வொன்றின் மேலும் பிரெஞ்சில் பலகை: ஆண்கள், பெண்கள், குழந்தைகள், இளம்பெண்கள், எடைபோடும் அறை. ஆண்களின் அறை 2.60 மீட்டர் சதுரம். அதில் 15 முதல் 20 பேரைச் சுவரில் முதுகு சாயச் சங்கிலியிட்டு உட்கார வைத்தார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு. 60 கிலோவுக்குக் குறைந்த ஆணை எடை ஏறும்வரை தீனிபோட்டு வைத்திருந்தார்கள் என்றும் சொல்வார்கள். படிக்கட்டின் அடியில் அடங்காதவர்களுக்கான பொந்து ஒன்று உண்டு, நிமிர முடியாது. 1991-இல் வந்த நெல்சன் மண்டேலா இதற்குள் புகுந்து பார்த்தார்.

இனி, கேட்டதை எப்படிச் சரிபார்ப்பது என்று பார்ப்போம். டச்சுக்காரர்கள் 1776-இல் கட்டிய வீடு என்ற வாசகம் பல கையேடுகளில் இன்னும் இருக்கிறது. டச்சுக்காரர்கள் தீவை இழந்தது 1677-இல். இடையில் 99 ஆண்டுகள். வீடு பெப்பேன் என்ற கலப்பினக் குடும்பத்துக்குச் சொந்தமானது, நிக்கோலா பெப்பேன் கட்டியது, பிறகு அவர் மகள் அன்னா கொலாஸ் பெப்பேன் கைக்கு வந்தது என்று ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் காட்டுகிறார்கள். 1770-களில் எழுந்த வீடு என்றால், தீவின் அடிமை ஏற்றுமதி உச்சத்தில் இருந்த காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. கீழ்த்தள அறைகளில் பெரும்பகுதி கருவேலம்பிசின், தோல், தானியம் போன்ற சரக்குகளுக்கும் வீட்டு அடிமைகளின் குடியிருப்புக்கும் பயன்பட்டவை என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

வாசலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள். கருங்கற்பாறைகள், அலை வந்து மோதிச் சிதறும் இடம். இங்கே படகை அணைத்து நிறுத்த முடியாது, ஆளை ஏற்றவும் முடியாது. இன்று நீங்கள் இறங்கும் விரிகுடாவின் மணற்கரையில்தான் படகுகள் நின்றன. அங்கிருந்துதான் ஆட்களை ஏற்றி நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது பிள்ளைகள் நீந்தி விளையாடும் அதே மணல்.

அப்படியானால் வாசலில் நிற்பதில் பொருள் இல்லையா? இருக்கிறது. பிரேசிலிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறவர்களில் தம் முன்னோர் எந்தத் துறையில் கப்பலேறினார்கள் என்று அறிந்தவர் மிகக் குறைவு. அவர்களுக்கு அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை ந்தியாய் உண்டாக்கிக் கொடுத்தார். அவர் இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் போரிட்ட செனகல் சிப்பாய். 2009-இல் இறக்கும் வரை சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நாள்தோறும் இந்தக் கதையைச் சொன்னவர். 1992 பிப்ரவரியில் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் இங்கே நின்று கிறித்தவர்கள் செய்த பாவத்துக்கு மன்னிப்பு வேண்டினார். நினைவிடமாக அந்த வாசல் உண்மை. ஏற்றுமதித் துறையாகத்தான் அது பொருந்தாது. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு நிற்பது கடினமல்ல.

வீட்டின் முன் சங்கிலி அறுத்த ஆணும் பெண்ணும் தழுவி நிற்கும் சிலை, கரீபியத்தின் குவாதலூப் தீவு கொடுத்தது. அதையும் பார்த்துவிட்டு நகருங்கள். இனி வருவதுதான் பலரும் பார்க்காமல் போகும் பகுதி.

வீடுகளுக்குள் இருந்த அடிமைத்தனம்

18-ஆம் நூற்றாண்டில் கோரேயில் வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோர் அடிமைகள். ஏற்றுமதிக்காக அடைக்கப்பட்டவர்களைச் சொல்லவில்லை. தீவிலேயே பிறந்து, உழைத்து, தீவிலேயே இறந்தவர்கள். அந்தக் காலத்து ஆவணங்கள் இவர்களைக் கப்பலேற்றும் அடிமைகளிலிருந்து பிரித்து வீட்டு அடிமைகள் என்று குறித்தன. கம்பு இடிக்கும் பெண்கள், துணி துவைப்பவர்கள், கொத்தர்கள், தச்சர்கள், நெசவாளர்கள், படகோட்டிகள் எல்லாரும் இவர்கள்தான். எதிர்க்கரையிலிருந்து தண்ணீரும் விறகும் கொண்டுவந்தவர்கள் இவர்கள். இன்று படமெடுக்கும் கல்வீடுகள் ஒவ்வொன்றையும் எழுப்பிய கைகளும் இவர்களுடையவையே.

இவர்களில் பலரை உரிமையாளர்கள் பிரெஞ்சு வணிகக் கம்பெனிக்கும் கப்பல்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். ஆற்றுப் படகில் மாதக்கணக்கில் போய்வரும் மாலுமிக்குக் கூலி உண்டு, ஆனால் அதில் ஒரு பங்கு, பெரும்பாலும் பாதி, உரிமையாளருக்குப் போகும். பத்து அடிமைகளை வாடகைக்கு விட்டாலே ஒரு வீடு வசதியாக நடந்துவிடும். கப்பலேற்றி விற்றால் ஒரு முறைதான் பணம், வாடகைக்கு விட்டால் ஆயுள் முழுவதும் வருமானம். கோரேயின் செல்வம் இந்தக் கணக்கில் வளர்ந்தது. கப்பலில் ஏறியவர்களை மட்டும் எண்ணினால் இந்த மனிதர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

உரிமையாளர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். சிஞ்ஞார் என்று அழைக்கப்பட்ட இந்தப் பெண்கள் ஆப்பிரிக்கர்கள் அல்லது ஐரோப்பியத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்தவர்கள். கம்பெனி அதிகாரிகள் சொந்த வியாபாரம் செய்யத் தடை இருந்தது. மனைவியை ஐரோப்பாவிலிருந்து அழைத்துவரவும் வழியில்லை. வருகிறவர்களில் பலர் காய்ச்சலில் சில ஆண்டுகளில் இறந்தும் போனார்கள். உள்ளூர் முறைப்படி ஒரு சிஞ்ஞாரை மணந்துகொண்டால் வீடும் கிடைக்கும், அவள் பெயரில் வியாபாரமும் நடக்கும். அவன் இறந்தாலோ ஊர் திரும்பினாலோ வீடும் சரக்கும் அடிமைகளும் அவளிடமே தங்கும். பிள்ளைகள் தகப்பன் பெயரை வைத்துக்கொள்வார்கள். பெப்பேன் வீட்டுப் பெண்கள் இந்த மரபில் வந்தவர்கள். உயர்ந்த கூம்புத் தலைப்பாகை, தங்க நகை, பின்னால் பணிப்பெண்கள் வரிசை என்று இவர்களை வரைந்த பழைய ஓவியங்கள் தீவின் கடைகளில் அஞ்சலட்டையாக விற்கின்றன. அந்தப் படத்தில் பின்னால் நிற்கும் பணிப்பெண் அடிமை என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செனகலின் தொல்லியலாளர் இப்ராஹிமா தியாவ் இந்தத் தீவில் நடத்திய அகழாய்வுகள் இந்தப் பக்கத்தைத்தான் தோண்டிக் காட்டின. முற்பட்ட காலத்தில் கம்பெனி அடிமைகளான பம்பாரா மக்களுக்குத் தனிக் குடியிருப்பு இருந்தது. அந்தப் பெயர் தாங்கிய தெரு இன்றும் இருக்கிறது. பிற்பாடு அடிமைகள் எசமானர் வீட்டு வளாகத்துக்குள்ளேயே வாழ்ந்தார்கள். மேல்தளத்தில் குடும்பம், கீழ்த்தளத்தில் சரக்கும் அடிமைகளும். தெருவில் நடக்கும்போது கீழ்த்தளச் சுவரில் சன்னலுக்குப் பதில் ஒடுங்கிய காற்றுப் பிளவுகள் மட்டும் இருக்கும் வீடுகளைக் கவனியுங்கள். மேலே அகன்ற சன்னல், கடற்காற்று, மரத்தளம். கீழே தாழ்ந்த கூரை, ஈரம், இருட்டு. இந்த வேறுபாடு அடிமைகளின் வீட்டில் மட்டும் இல்லை, தெருவெங்கும் இருக்கிறது.

அடங்கிக் கிடந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே பணியாற்றிய ப்ருனோ த பொம்கோர்ஜ் என்ற கம்பெனி அதிகாரி ஒரு கிளர்ச்சித் திட்டத்தை எழுதி வைத்திருக்கிறார். கயோர் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டுக் கப்பலுக்காகக் காத்திருந்த சுமார் 500 பேர் காவலரைக் கொன்று தீவைக் கைப்பற்றத் திட்டமிட்டார்கள். அவர்களோடு விலங்கில் இருந்த ஒரு சிறுவன் தூங்குவதுபோல் கிடந்து கேட்டுவிட்டான், காலையில் சொல்லிவிட்டான். விசாரணையில் தலைவர்கள் எதையும் மறுக்கவில்லை. வெள்ளையர் மேல் உள்ள வெறுப்பால் அல்ல, தங்கள் மன்னனிடம் திரும்பிப் போவதற்குத் தடையாக இருந்ததால் கொல்ல நினைத்தோம் என்றார்கள். அவர்களை மற்றவர்கள் கண்முன் கொன்றார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருந்தவர்களில் ஒருவரே எழுதியது இது.

1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் நட்ட ஈடு கொடுத்தது, அடிமைகளை இழந்த உரிமையாளர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை.

புதுச்சேரியின் நீலத்துணி

இந்தக் கதையில் நம் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. செனகல் கரையில் ஐரோப்பியர் பொருள் வாங்கப் பயன்படுத்தியவற்றில் முக்கியமானது அவுரியில் தோய்த்த நீலப் பருத்தித்துணி. கினி துணி என்று பெயர் பெற்ற இது புதுச்சேரியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நெய்து, சாயமேற்றி, பிரான்சுக்குக் கப்பலில் போய், அங்கிருந்து செனகலுக்கு வந்தது. செனகல் ஆற்றங்கரையில் கருவேலம்பிசின் விற்ற, சகாராப் பாலைவனத்து மூர் இன வணிகர்களுக்கு இதன் மேல் அப்படி ஒரு பிடிப்பு. சாயத்தின் வாசனையையும் பளபளப்பையும் வைத்தே அசல் துணியைக் கண்டுபிடிப்பார்கள். ஐரோப்பாவில் நெய்த போலியை ஏற்கமாட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் இந்தத் துணி ஏறக்குறைய நாணயமாகவே புழங்கியது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் மனிதரை வாங்கக் கொடுத்த சரக்குக் கட்டுகளிலும் இந்தியத் துணி இருந்தது. சோழமண்டலக் கரையின் நெசவாளருக்கு அவர் நெய்தது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தத் தறியும் இந்தத் தீவும் ஒரே வணிகத்தின் இரு முனைகள்.

போகும் வழி

விமானம் இறங்குவது டக்காருக்கு சுமார் 50 கிலோமீட்டர் வெளியே, பிளேஸ் தியாஞ் விமான நிலையத்தில். பெயருக்கு உரியவர் கோரேயில் 1872-இல் பிறந்தவர். 1914-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிறுவனத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் போதும். பலர் செனகலுக்குள் நுழையத்தானே இது என்று நினைத்து அலட்சியமாக இருக்கிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போது. சான்றிதழ் இல்லாமல் செனகலிலிருந்து இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகு, டக்கார் துறைமுகத்துக்குள் பழைய ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்து புறப்படுகிறது. கடவுச்சீட்டு கேட்பார்கள், எடுத்துப் போங்கள். வெளிநாட்டவருக்குப் போய்வரக் கட்டணம் 5,000 சி.எஃப்.ஏ. பிராங்கைச் சுற்றி; செனகலில் வசிப்பவர்களுக்கு அதைவிட மிகக் குறைவு. ஒரு யூரோ 655.957 பிராங்க் என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால் கணக்குப் போடுவது எளிது: 5,000 பிராங்க் ஏழரை யூரோவுக்குச் சற்று மேல். வாங்குவது இரு வழிக்குமான டிக்கெட், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தீவில் இறங்கியதும் ஊராட்சிக்கு ஒரு சிறு வரி, ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் தனிச் சீட்டு. எல்லாவற்றுக்கும் சில்லறை நோட்டாக வைத்திருங்கள். பெரிய நோட்டுக்கு மீதி கிடைக்காமல் நிற்பது இங்கே வழக்கமான தொல்லை.

நேரம் பார்த்துப் போவது முக்கியம். அடிமைகளின் வீடு திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் நண்பகலில் மூடிவிட்டுப் பிற்பகலில்தான் மறுபடி திறப்பார்கள். பதினொன்றரை மணிப் படகில் ஏறி வருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, காத்திருக்கப் பொறுமையில்லாமல் திரும்புவது அன்றாடம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டக்கார்க் குடும்பங்கள் கடற்கரைக்காகத் திரண்டு வரும்; வரிசை நீளம், படகில் இடம் கிடைப்பதே பாடு. செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாள், காலையின் முதல் படகுகளில் ஒன்று. அதுதான் சரி. நவம்பர் முதல் மே வரை மழை இல்லை; ஜூலை முதல் செப்டம்பர் வரை மழையும் புழுக்கமும்.

படகிலேயே பெண்கள் வந்து உட்கார்ந்து பெயர் கேட்டு, ஊர் கேட்டு, 'என் கடைக்கு வா' என்பார்கள். பாசிமணி விற்பவர்கள். 'பார்க்கலாம்' என்று சொன்னால் அதை வாக்காக எடுத்துக்கொண்டு தீவில் தேடி வருவார்கள். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் முதலிலேயே சிரித்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. வழிகாட்டி வேண்டுமா என்பதும் அப்படித்தான். பதிவுபெற்ற வழிகாட்டிகள் அடையாள அட்டை வைத்திருப்பார்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், எந்த மொழி, எவ்வளவு தொகை என்ற நான்கையும் நடக்கத் தொடங்கும் முன் பேசி முடியுங்கள். வழிகாட்டியோடு போவதையே பரிந்துரைக்கிறோம், ஆனால் அந்த வாசலைப் பற்றி மட்டும் கேட்காமல், 'வீட்டு அடிமைகள் எங்கே வாழ்ந்தார்கள், கப்பலுக்கு எந்தக் கரையில் ஏற்றினார்கள்' என்று கேளுங்கள். நன்கு தெரிந்தவரானால் அவர் பேச்சு அப்போதுதான் சூடுபிடிக்கும்.

நடக்கும் வரிசை

இறங்கியதும் அடிமைகளின் வீட்டுக்கு ஓடாதீர்கள். தீவின் வடமுனையில் தெஸ்த்ரே கோட்டை, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய வட்டக் கோட்டை. அதற்குள் செனகலின் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லாயுதக் காலம் முதல் உள்நாட்டு அரசுகள், அடிமை வணிகம், காலனியாட்சி என்று காலவரிசையில் அறைகள். விளக்கங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன, கைபேசியின் மொழிபெயர்ப்பு வசதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் உதவும். அடிமை வணிகத்துக்கு முன்பும் இங்கே நாடுகள் இருந்தன, மன்னர்கள் இருந்தார்கள், வணிகம் இருந்தது என்பதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் மற்றதற்குப் பொருள் விளங்கும்.

பிறகு தெருக்கள். 1830-இல் கட்டிய செயின்ட் சார்ல்ஸ் தேவாலயம், பழைய ஆளுநர் மாளிகையின் இடிபாடு, செனகல் எழுத்தாளர் மரியாமா பா பெயரில் நடக்கும் பெண்கள் உறைவிடப் பள்ளி. இந்தப் பள்ளி படிப்பில் சிறந்த மாணவிகளை நாடெங்கிலுமிருந்து தேர்ந்தெடுக்கிறது. மாணவிகளை அனுமதியின்றிப் படமெடுக்க வேண்டாம். முன்பு ஐரோப்பா சதுக்கம் என்றிருந்த இடத்துக்கு 2020 ஜூனில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதை அடுத்து, விடுதலையும் மனித மாண்பும் என்று பொருள்படும் புதுப்பெயரை ஊர்மன்றம் சூட்டியது. மதியம் துறை ஓரக் கடைகளில் மீனும் சோறும் சேர்த்துச் சமைத்த செபுஜென் கிடைக்கும். சோறு உண்பவர்களுக்கு ஊர் நினைவு வரும்.

வீடு திறந்ததும் பிற்பகலில் உள்ளே போங்கள். காலைக் கூட்டம் கலைந்திருக்கும். கீழறைகளில் ஆள் குறைந்த நேரம் பார்த்து ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கூரை உயரம், காற்று வரும் பிளவு, சுவரின் ஈரம் எல்லாம் அப்போதுதான் உறைக்கும். பிறகு மேல்தளத்துக்கு ஏறி, கீழே இருந்த இருட்டு எங்கே தொடங்குகிறது என்று படிகளின் மேலிருந்து பாருங்கள்.

கடைசியாகத் தெற்குக் குன்று. ஏறப் பதினைந்து நிமிடம் போதும். மேலே பழைய பீரங்கிக் கோபுரம். 1940 செப்டம்பரில், ஜெர்மனிக்குப் பணிந்த விஷி பிரெஞ்சு அரசின் கையில் இருந்த டக்காரை பிரிட்டிஷ் கப்பல்களும், பணிய மறுத்த சுதந்திர பிரெஞ்சுக் கப்பல்களும் தாக்கியபோது இந்தத் தீவின் பீரங்கிகளும் பதிலுக்குச் சுட்டன. பதுங்கு அறைகளில் இப்போது ஓவியர்கள் குடியிருக்கிறார்கள். பலகையில் பசை தடவி, பல நிற மணலைத் தூவிப் படம் செய்வதை இங்கே நேரில் பார்க்கலாம். மேற்குப் பக்க விளிம்பில் எச்சரிக்கையாக இருங்கள். அலை அரிப்பு தீவைத் தின்றுகொண்டிருக்கிறது, பாறை விளிம்பு உறுதியாக இல்லை.

நாட்கள் மிச்சமிருந்தால் கோரேயோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பகுதியிலிருந்து கப்பலேறியவர்களில் பெரும்பகுதியினர் போன ஆற்றுத் துறைகளைப் பார்க்க வடக்கே 260 கிலோமீட்டரில் செந்லூயி இருக்கிறது. தெற்கே காம்பியா ஆற்றின் நடுவில், முன்பு ஜேம்ஸ் தீவு என்றிருந்து 2011-இல் குண்டா கிண்டே தீவு என்று பெயர் மாறிய இடம், 2003 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. அல்பிரேடா, ஜுஃபுரே கிராமங்களிலிருந்து சிறு படகில் போகலாம். கோட்டையின் சுவர்கள்தான் மிச்சம், நிழலும் கடையும் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு, காற்று எழுவதற்கு முன் காலையிலேயே படகு பேசிவிடுங்கள்.